பேருக்கு நின்றவர்

எங்கள் தாத்தா இறந்துபோன செய்தியை எஸ்டேட்டுக்குக் கொண்டுவந்தவள் நான்தான். அப்போது எனக்கு ஒன்பது வயது. செய்திக்கு ஆதாரமாக அச்சடித்த தாளே கையில் இருந்தது. ஒரே ஒரு இடைஞ்சல், அந்த நேரத்தில் தாத்தா ஆட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டிருந்தார்.

இதில் வருகிற யாருடைய பெயரையும் நான் எழுதப்போவதில்லை. குமுளியில் ஒரு விடுதியில் வருகிறவர்களிடம் பெயர் கேட்டுப் பதிவதுதான் இன்று எனக்குப் பிழைப்பு. ஊரார் பெயரையெல்லாம் எழுத்துப் பிழை இல்லாமல் எழுதுகிறேன். எங்கள் வீட்டுப் பெயர்கள் என்றால் மட்டும் கை தயங்குகிறது. பெயரால்தானே அன்றைக்கு அத்தனை கூத்தும் நடந்தது!

பீர்மேட்டுக்குப் பக்கத்தில் எங்கள் தேயிலை எஸ்டேட்டில் 'பேர்' என்றால் ஆளின் பெயர் மட்டுமல்ல, அவருடைய ஒரு நாள் வேலையும் அதுதான். காலையில் கங்காணி பெயர்களை வாசிப்பார். குரல் கொடுத்து நின்றால் பேர் விழும். பாதி நாளில் திரும்பினால் அரைப் பேர். தாத்தா காலத்தில் ஒருத்திக்குக் காய்ச்சல் என்றால் அவள் தங்கை கூடையை மாட்டிக்கொண்டு போய் அக்கா பெயருக்குக் குரல் கொடுப்பாளாம். அதைப் 'பேருக்கு நிற்கிறது' என்பார்கள். கங்காணிக்கும் தெரியும். தெரியாதவர் மாதிரி அடுத்த பெயருக்குப் போய்விடுவார்.

தாத்தாவுக்கு ஒரு தம்பி இருந்தார். அவர் எனக்குச் சின்னத்தாத்தா. ஆனால் மீசை முளைக்கிற வயதிலேயே போய்விட்டதால், அவரைத் தாத்தா என்று சொல்லும்போது எனக்குச் சிரிப்பு வரும். உலகப்போர் சமயத்தில் பட்டாளத்துக்கு மண் வெட்டவும் மூட்டை தூக்கவும் எஸ்டேட்டுகளில் ஆள் எடுத்தபோது லாரி ஏறினவர். பட்டாளத்தாரையும் சரக்கையும் சேர்த்து ஏற்றிப்போன கப்பல் ஒன்றை எதிரிகள் கடலில் கவிழ்த்தார்கள். அவர் அதில் இருந்தார் என்று இன்னொரு கப்பலில் போய்த் திரும்பி வந்த ஒருவர் சொன்னதோடு சரி. என்றைக்கு, எந்தக் கடலில் என்று அவருக்கும் தெரியவில்லை.

தாத்தாவின் குறை அதுதான். வருஷா வருஷம் ஆடி அமாவாசைக்கு வண்டிப்பெரியாறுக்குப் போய் ஆற்றில் இறங்கித் தம்பிக்கு எள்ளும் தண்ணீரும் விடுவார். வீட்டுக்கு வந்ததும் அன்று முழுக்க முகம் கொடுத்துப் பேசமாட்டார்.

"ஊருல செத்த எல்லாத்துக்கும் சேத்து விடுத தண்ணி அது. அவனுக்குன்னு ஒரு நாளு வேண்டாமா?" என்று யாரையோ கேட்பதுபோல் கேட்பார்.

அம்மாவின் தம்பி, என் மாமா, குமுளியில் இன்டர்நெட் கடையில் வேலைக்குச் சேர்ந்த வருஷம் அது. பத்தாம் வகுப்பு முடிவு முதல் ரயில் டிக்கெட் வரை எதைக் கேட்டாலும் எடுத்துத் தருவார் என்பதால், எஸ்டேட்டில் அவருக்குக் கிட்டத்தட்ட ஜோசியர் மரியாதை. தாத்தா ஒருநாள் அவரைக் கூப்பிட்டு, தம்பியின் பெயரையும் தங்கள் அப்பாவின் பெயரையும் சொல்லி, இறந்த நாளைக் கண்டுபிடிக்கச் சொன்னார். மாமாவும் விடவில்லை. போரில் இறந்தவர்களின் பட்டியல்கள் எங்கே கிடைக்கின்றன என்று துருவித் துருவிப் பார்த்தார். வெள்ளைக்காரன் காதில் எங்கள் பெயர்கள் எப்படி விழுந்திருக்கும் என்று, மூக்கைப் பிடித்துக்கொண்டு சொல்லிப் பார்த்து, சின்னத்தாத்தாவின் பெயரை ஒன்பது விதமாக எழுதித் தேடினார். சின்னத்தாத்தா அகப்படவில்லை. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் மாமா கையை விரிக்க, தாத்தா சரி என்று தலையை ஆட்டிவிட்டு ஆட்டைப் பார்க்கப் போவார்.

ஓண லீவில் மாமா என்னைக் கடைக்குக் கூட்டிப்போனார். அன்று ஒரு கப்பலில் இறந்தவர்களின் பட்டியலைத் திறந்துவைத்திருந்தார். கடலிலேயே போனவர்கள், கல்லறை இல்லாதவர்கள். பக்கம் பக்கமாகப் பெயர்கள். மாமா விரலை வைத்து ஒவ்வொன்றாக இறங்கினார். எனக்குக் கொட்டாவி வந்தது. எனக்கு இங்கிலீஷில் பிழையில்லாமல் எழுதத் தெரிந்த பெரிய பெயர் ஒன்றே ஒன்று, ரேஷன் கார்டில் குடும்பத் தலைவராக இருந்த தாத்தாவின் பெயர். அதைப் போட்டுப் பார்க்கச் சொல்லி நச்சரித்தேன். என் வாயை மூடுவதற்காக மாமா என்னையே தட்டச் சொன்னார். ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடித் தட்டினேன்.

தாத்தா இருந்தார்! தாத்தாவின் பெயர், இன்னாரின் மகன் என்று அவர் அப்பாவின் பெயர், ஊர் பீர்மேடு, திருவிதாங்கூர். பக்கத்தில் இறந்த தேதி.

மாமா கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தார். பிறகு மேசையைத் தட்டிச் சிரித்த சிரிப்பில், பரீட்சைக்குப் படிவம் நிரப்பிக்கொண்டிருந்த பெண்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். தம்பி செத்ததற்கு அண்ணன் பெயரை எழுதிவைத்திருக்கிறான் அந்தக் காலத்துக் குமாஸ்தா என்றார். பட்டியலை அச்சடித்து என் கையில் கொடுத்து, பரோட்டாவும் முட்டைக் கறியும் வாங்கித் தந்து, ஆனவண்டி என்று நாங்கள் சொல்கிற கேரள அரசு பஸ்ஸில் ஊருக்குக் கூட்டிவந்தார். வழியெல்லாம் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. மாமா ஜங்ஷனில் இறங்கி யாரிடமோ பேச நின்றதும், நான் தாளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மேட்டில் ஓடினேன்.

மேலே பெண்கள் கொழுந்து கிள்ளிக்கொண்டிருந்தார்கள். அவர்களைப் பார்த்ததும் என்னால் அடக்க முடியவில்லை.

"எங்க தாத்தா செத்துட்டாரு! கப்பல்ல செத்துட்டாராம்! பேப்பர்ல போட்டிருக்கு!"

காற்று அடிக்கிற மலையில் முதல் வாக்கியம்தான் மேலே போய்ச் சேர்ந்தது. கூடைகள் இறங்கின. தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்கும் எங்கள் லயத்துக்கு நான் போய்ச் சேர்வதற்குள் சேதி குறுக்குவழியில் எனக்கு முன்னால் போய்விட்டது. பக்கத்து லயத்து அத்தை தலையை அவிழ்த்துப் போட்டு ஒப்பாரியைத் தொடங்கியிருந்தாள். அப்பா பாக்டரியிலிருந்து மூக்கெல்லாம் தேயிலைத் தூளோடு ஓடிவந்தார். வீட்டுக்குள் உடல் இல்லை என்றதும், பீர்மேடு ஆஸ்பத்திரியில் கிடக்கிறதாம் என்று யாரோ சொல்ல, ஜீப் கொண்டுவர ஆள் போயாயிற்று. ஒருவர் மூங்கில் வெட்டக் கிளம்பிவிட்டார். பெரியவர் மேல் உள்ள மரியாதைக்காகக் கங்காணி அன்று எல்லாருக்கும் முழுப் பேர் போடச் சொல்லிவிட்டார். நான் நடுவில் நின்று, "தாத்தா நெசமா சாகல" என்று கத்தினேன். பிள்ளை பயந்து உளறுகிறது என்று என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார்கள்.

அப்போதுதான் பின்பக்கத்திலிருந்து தாத்தா வந்தார். தலையில் புல்லுக்கட்டு. முகம் பாதி மறைந்திருந்தது. கூட்டத்தைப் பார்த்துவிட்டுக் கடைசியில் நின்ற கிழவியிடம் மெதுவாகக் கேட்டார்.

"யாருளா போயிட்டா?"

"இந்த வீட்டுப் பெரியவருதாம்யா. தங்கமான மனுசன்" என்றாள் அவள், திரும்பாமல்.

"இந்த வீட்டுல எந்தப் பெரியவரு?"

அவள் திரும்பினாள். அந்த அலறலைப் போல ஒன்றை நான் அதற்கப்புறம் கேட்டதில்லை. கூட்டம் சிதறியது. புல்லுக்கட்டு கீழே விழுந்தது. எங்கள் ஆடுகள் துக்கம் விசாரிக்க வந்தவர்களின் கால்களுக்கிடையில் புகுந்து தின்னத் தொடங்கின. முதலில் சிரித்தது அப்பா. சிரித்துக்கொண்டே தாத்தாவைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். பிறகு லயமே சிரித்தது. அம்மா மட்டும் விளக்குமாற்றோடு என்னைத் தேடினாள். நான் தாத்தாவின் வேட்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். செத்தவரை நம்பி ஒளிந்த பிள்ளை என்று பிற்பாடு என்னைக் கேலி செய்வார்கள்.

மாமா மூச்சு வாங்க வந்து சேர்ந்து, தாளை வாங்கி எல்லாருக்கும் கேட்கிற மாதிரி வாசித்தார். கப்பலில் போன ஆள் கரையேறிப் புல் அறுக்கிறார் என்று யாரோ சொல்ல, மறுபடியும் ஒரு சிரிப்பு கிளம்பியது. தாத்தா சிரிக்கவில்லை.

"எம் பேரா மாப்ள போட்டிருக்கு?" என்று மாமாவைக் கேட்டார்.

"ஆமா மாமா. அந்தக் குமாஸ்தா மாத்தி எழுதித் தொலைச்சிட்டான்."

"அவன் சரியாத்தான் எழுதியிருக்கான்" என்றார் தாத்தா.

புல்லுக்கட்டின் மேலேயே உட்கார்ந்தார். அறுபது வருஷத்துக்கு மேலாக யாரிடமும் சொல்லாததை, தன் சாவுக்கு வந்த கூட்டத்துக்கு நடுவில் வைத்துச் சொன்னார். பட்டாளத்து வேலைக்குக் கைநாட்டு வைத்தது அவர்தான். லாரி வந்த அன்று, நான் பார்த்திராத ஆச்சிக்கு முதல் பிரசவம். இரண்டு நாளாக வலி. தம்பி அண்ணனின் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு சொன்னாராம்: "நீ மதினியப் பாரு. உம் பேருக்கு நான் நிக்கேன்." காலையில் பேர் வாசிக்கிற மஸ்டருக்குப் போகிற மாதிரி அவரும் போனார், இவரும் அனுப்பினார். குழந்தை பிறந்ததும் போய் ஆளை மாற்றிக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தார்களாம். லாரியில் நின்றவன் பெயர் வாசித்தபோது தம்பி குரல் கொடுத்தார். அவ்வளவுதான். பெயரை மாற்றியது தெரிந்தால் ஜெயிலில் போடுவார்கள் என்று முதலில் பயம். பிறகு சொல்ல நாக்கு எழவில்லை.

"அவன் பேரச் சொல்லி உன்னத் தேட வுட்டேன் மாப்ள. எங்கயாச்சும் ஒரு எடத்துல அவன் பேரும் இருக்காதான்னு ஒரு ஆசை. சரி, தேதி என்ன? வாசி."

மாமா வாசித்தார். தாத்தா அதைப் பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்வது மாதிரி நாலைந்து தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார். அப்புறம்தான் சிரித்தார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டக் கொட்டச் சிரித்தார். அத்தை அவிழ்த்த தலையை முடிவதற்கு முன்னால், வந்ததற்குச் சின்னத்தாத்தாவுக்காக ஒரு பாட்டு அழுதாள். கட்டன்சாயா போட்டு எல்லாருக்கும் கொடுத்தோம். முழுப் பேர் வாங்கித் தந்த பிள்ளை என்று கிள்ளுக்காரப் பெண்கள் என் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனார்கள்.

வண்டிப்பெரியாறு கோயிலில் பழைய பஞ்சாங்கம் பார்த்துத் திதி குறித்துத் தந்தார்கள். அந்த நாளில் ஒரே ஜீப்பில் பதின்மூன்று பேர் போனோம். தாத்தா ஆற்றில் இறங்கித் தம்பியின் பெயரை அக்கரைக்குக் கேட்கிற மாதிரி சொன்னார். வீட்டில் வடையும் பாயசமும். எங்களுக்கு அது இன்னொரு பண்டிகையாகிவிட்டது. அதற்குப் பிறகு தாத்தா வேறு ஆள். யாராவது வேலை சொன்னால், செத்தவன்ட்ட வேலை சொல்லாதீங்க என்பார். அவர் விசிலடிப்பார் என்பதே எங்களுக்கு அந்த வருஷம்தான் தெரிந்தது.

அந்தப் பட்டியல் என்னிடமே இருந்தது. எனக்கு அப்போது டீச்சர் விளையாட்டில் பித்து. கதவில் கரிக்கோடு, கையில் குச்சி, ஹாஜர் புத்தகமாக அந்தத் தாள். வகுப்பில் ஒரே மாணவர் தாத்தா. நான் இங்கிலீஷ் பெயர்களைத் தட்டுத் தடுமாறி வாசித்துக்கொண்டு வருவேன். தன் பெயர் வந்ததும் தாத்தா கட்டிலில் உட்கார்ந்தபடியே கையைத் தூக்கி, "உள்ளேன் டீச்சர்!" என்பார். நான் பென்சிலால் டிக் போடுவேன். தினமும் இதே விளையாட்டு, தினமும் இரண்டு பேரும் சிரிப்போம்.

ஒருநாள் டிக் போட்டு முடித்ததும், தம்பியின் பெயரையும் கூப்பிடச் சொன்னார். அது லிஸ்டில் இல்லையே தாத்தா என்றேன்.

"இல்லாட்டி என்னட்டி? நீ எழுதிக் கூப்பிடு."

தாளின் அடியில் தமிழில் எழுதி, டீச்சர் குரலில் கூப்பிட்டேன். தாத்தா கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்தார். முழங்கால் வலிக்காரர், யாருக்காகவும் எழுந்திருக்காதவர், நிமிர்ந்து நின்றார்.

"உள்ளேன் டீச்சர்" என்றார்.

விளையாட்டு முறையே தெரியாத மாணவர் என்று எனக்குக் கோபம் வந்தது. அவர் யார் பேருக்கு நிற்கிறார் என்று புரிகிற வயதில்லை அது. "தப்பு தாத்தா, அது உங்க பேரு இல்ல, உக்காருங்க" என்று குச்சியால் கட்டிலைத் தட்டிவிட்டு, சின்னத்தாத்தாவின் பெயருக்கு நேராக ஆப்சென்ட் போட்டேன்.