கைமாற்றாகக் கொடுத்த அலைவரிசை

சென்ற செவ்வாய்க்கிழமை தபால்காரர் என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒரு கடிதம் தந்தார். ரெக்கொமாந்தே. பதிவுத் தபால் என்று தமிழில் சொன்னால் ஒன்றும் ஆகாது. ரெக்கொமாந்தே என்று பிரெஞ்சில் சொல்லிப் பாருங்கள்... தமிழ்க் கடைகள் நிறைந்த எங்கள் லா ஷப்பலில் யாரும் முதலில் கதவைச் சாத்துவார்கள். இந்த நாட்டில் நல்ல செய்தியை யார் கையெழுத்து வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள்?

ஒலிபரப்பு அனுமதி தரும் அரசு ஆணையத்திலிருந்து எங்கள் ரேடியோவுக்கு வந்த கடிதம். ரூ பிலிப்-து-ஜிரார் வீதியில் ஒரு மளிகைக் கடைக்கு மேல் இரண்டு அறைகளில் நடக்கிற ரேடியோ. நான் அதன் செயலாளர். சம்பளம் கிடையாது. அறிவிப்புகள் எழுதுவேன், பிரெஞ்சுக் கடிதங்களுக்குப் பதில் போடுவேன். இதில் என்ன ஆபத்து வரப்போகிறது என்றுதான் இத்தனை வருடம் நினைத்திருந்தேன்.

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்களிடம் இரண்டு அனுமதிகள் இருக்கின்றன. ஒன்று பழைய மத்திய அலை, அதாவது ஏஎம். மற்றது பிறகு கிடைத்த டிஜிட்டல். இரண்டும் சோடி. நேயர்கள் டிஜிட்டலுக்கு மாறி முடியும்வரை இரண்டிலும் பேசலாம்; அதற்குப் பிறகு பழையதைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அதுவரை ஒன்றை மட்டும் பிரித்து விற்கக் கூடாது. வேறு யாருக்கும் கொடுக்கவும் கூடாது. பிரித்தால் இரண்டுமே போய்விடும். இதெல்லாம் விதிமுறையின் மூன்றாம் பக்கத்தில் இருக்கிறது. மூன்றாம் பக்கம்வரை நம்மில் யார் வாசிக்கிறோம்?

கடிதம் கேட்டது ஒரே கேள்வி. உங்கள் மத்திய அலை 'கை மாறிவிட்டது' என்று நீங்களே ஒலிபரப்பில் அறிவித்திருக்கிறீர்கள் — விற்றுவிட்டீர்களா? வெள்ளிக்கிழமை நேரில் வந்து விளக்க வேண்டுமாம்.

அந்த அறிவிப்பை எழுதியவள் நான்.

நடந்தது இதுதான். ஒபர்வில்லியே புறநகரில் ரமணன் என்று ஒருவர் இன்டர்நெட்டில் ரேடியோ நடத்துகிறார். தனக்கு அனுமதி கிடைக்கும்வரை எங்கள் மத்திய அலையைக் கொஞ்ச நாள் தரமுடியுமா என்று கேட்டார். எங்கள் தலைவர் தேவன் அண்ணைக்கு இல்லை என்று சொல்ல வராது. கொடுத்துவிட்டார். காலையில் புதுக் குரல் கேட்டு நேயர்கள் குழம்பக் கூடாதே என்று நான் ஓர் அறிவிப்பு எழுதினேன். எனக்குத்தான் எழுத்தில் அலங்காரம் இல்லாவிட்டால் தூக்கம் வராதே... 'எமது மத்திய அலையை நண்பர் ரமணனுக்குக் கைமாற்றாக வழங்கியுள்ளோம்' என்று எழுதிக் கொடுத்தேன்.

கைமாற்று. வட்டியில்லாமல், தாளில்லாமல், நம்பிக் கொடுப்பது. உங்களுக்கும் எனக்கும் தெரியும். ஆணையத்துக்கு அதை மொழிபெயர்த்த பிள்ளை இங்கேயே பிறந்து வளர்ந்ததாக இருக்க வேண்டும். கை என்றால் கை. மாற்று என்றால் மாற்றம். கூட்டிப் பார்த்து, கை மாறிவிட்டது என்று எழுதிவிட்டது.

செவ்வாயிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தேவன் அண்ணை தன் கடையைக்கூட விட்டுவிட்டு இருபது வருடமாகக் கட்டிக் காத்த ரேடியோ. என்னுடைய ஒரு சொல்லால் இரண்டு அனுமதியும் போய்விட்டால் அந்த மனிதரின் முகத்தை நான் எப்படிப் பார்ப்பேன்?

வெள்ளிக்கிழமை இருவரும் போனோம். மெத்ரோவில் அவர் என் காதருகே குனிந்து மெதுவாகச் சொன்னார்.

"தங்கச்சி, அது விருந்தாளி நிகழ்ச்சி எண்டு சொல்லுங்கோ. கடன் எண்டு மட்டும் வாயைத் திறக்காதேங்கோ."

அப்போதுதான் எனக்கு உண்மையான பயம் பிடித்தது. விற்கவில்லை என்று நிரூபிக்கக் கைமாற்றின் பொருளைச் சொல்ல வேண்டும். பொருளைச் சொன்னால் யாருக்கோ கொடுத்தது வெளியே வரும். அதற்கும் தண்டனை அதேதான். பொய் சொல்லலாம்... ஆனால் பிரெஞ்சில் பொய் சொல்ல எனக்கு இலக்கணம் போதாது.

அங்கே சுவரோரம் நாற்காலிகள். வதிவிட அனுமதிக்கான விசாக் கார்ட் புதுப்பிக்கப் போய்க் காத்திருப்போமே, அதே மாதிரி. பிரெஞ்சுப் பாஸ்போர்ட் எடுத்துப் பத்து வருடமாகிறது. இருந்தும் பெயரைக் கூப்பிட்டதும் கைப்பைக்குள் பழைய கார்ட்டைத் தேடினேன். இந்தப் பயம் எந்தக் குடியுரிமையாலும் போகாது போலிருக்கிறது.

உள்ளே இருந்த அதிகாரி மதாம் கோபக்காரி இல்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று கேட்டார். தேவன் அண்ணை என் பக்கம் திரும்பவே இல்லை.

கடன் என்று சொல்லிவிட்டேன்.

எழுதிக்கொண்டார். எத்தனை நாளுக்கு என்றார். நாள் குறிக்கவில்லை என்றேன். ஏன்? எங்களில் கைமாற்றுக் கொடுக்கும்போது எப்போது தருவாய் என்று கேட்பது மரியாதை இல்லை, கேட்டால் மனம் நொந்துவிடும் என்று விளக்கினேன். மதாம் பேனாவை வைத்துவிட்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மதாம், அந்த அலை உங்களுடையது அல்ல. அதில் நீங்கள் பேசலாம் என்றுதான் அனுமதி. உங்களுடையதல்லாத பொருளை எப்படிக் கடன் கொடுத்தீர்கள்?"

வந்த புதிதில் ஒருவரின் கார்ட்டில் இன்னொருவர் வேலைக்குப் போன ஆட்கள் நாங்கள். தாளில் இருப்பது ஒரு பெயர், பாத்திரம் கழுவுவது வேறொருவர். பெயர் எழுதித் தந்த எதையும் சொந்தப் பொருள் என்று நினைத்துவிடுகிறோம். அவசரத்துக்கு ஒருவன் வந்து நின்றால் எடுத்தும் கொடுத்துவிடுகிறோம். நல்ல மனசுதான். ஆனால் நல்ல மனசுக்கென்று அவர்களிடம் தனியாக ஒரு படிவம் இல்லையே!

கடைசியில் மதாம் இரங்கினார். விற்பனை என்ற சொல்லை அடித்தார். திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு அந்த அலையில் எங்கள் குரல் வர வேண்டும். அவர்கள் கேட்டுக்கொண்டிருப்பார்கள். வேறு குரல் வந்தால் கோப்பு மேலே போகும், இரண்டு அனுமதியும் ரத்து.

வெளியே வந்ததும் தேவன் அண்ணை வீதியோரம் நின்று ரமணனுக்குப் போன் எடுத்தார். சுகம் கேட்டார். பிள்ளைகளின் படிப்பைக் கேட்டார். குளிரைப் பற்றிப் பேசினார். கொடுத்ததைத் திருப்பிக் கேட்க அவருக்கு நா எழவில்லை. நான் கையைக் கிள்ளிய பிறகுதான் விஷயத்துக்கு வந்தார்.

மறுபக்கத்திலிருந்து ரமணனின் குரல் வந்தது.

"அண்ணை, குறை நினைக்காதேங்கோ. காலமை நேரத்தை நான் இன்னொராளுக்குக் கைமாத்தாக் குடுத்திட்டன்."

யாருக்கு என்று கேட்டோம். கோயிலில் பழக்கமான ஒருவராம். முழுப் பெயர் தெரியாதாம். போன் நம்பர் மாறிவிட்டதாம். ஒலிபரப்பு இணைப்பின் பாஸ்வேர்டும் இப்போது அந்த மனிதரிடம்தானாம். ஒலிபரப்புக் கோபுரத்தை நடத்தும் கம்பெனியில் நிறுத்தச் சொல்லலாம் என்று ஓடினோம். வெள்ளி பின்னேரம், பூட்டிவிட்டார்கள். திங்கள் ஒன்பது மணிக்குத்தான் திறப்பார்கள்.

இதைச் சனிக்கிழமை எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் உங்கள் கைக்கு வந்துவிடும்.

பெயர் தெரியாத ஐயா, நீங்களும் இதை வாசித்தால் — திங்கள் காலை ஆறு மணிக்குத் தயவுசெய்து வணக்கம் சொல்லிவிடாதீர்கள்!