ஆறு கற்களும் காப்புறுதிக்காரரும்

பேர்ண் நகரில் நாங்கள் துப்புரவு செய்த நாலு மாடிக் கட்டடத்தின் நுழைவுக்கூடத்தில் எண்பத்து நாலு பளிங்குக் கற்கள் பதித்திருந்தார்கள். எண்ணியவன் நான்தான். ஊரில் கணக்குப் படிப்பித்தவன். எண்பதுகளின் நடுவில், அகதி விண்ணப்பத்துக்கு முடிவு வராமல், நகரின் ஓரத்தில் பூம்ப்ளிஸில் ஓர் அறையில் இருந்துகொண்டு இந்த வேலைக்குப் போய்வந்தேன். முதலாளி ஒரு சுவிஸ் அம்மா. அவரோடு சேர்த்து நிறுவனத்தில் ஆறு பேர். அவரும் எங்களைப் போல முழங்காலில் நின்று தேய்ப்பார்.

ஒரு மாரிகாலக் காலை, வாசலருகே, உறைபனிக்குத் தெருவில் தூவும் உப்பின் கறை படிந்திருந்தது. என்னோடு வேலை செய்த மன்னார் அண்ணை, கழிவறைச் சுண்ணாம்புக் கறைக்கு வைத்திருந்த அமிலத்தை அதில் ஊற்றினார். நான் அறுபது எண்ணுவதற்குள் ஆறு கற்கள் பளபளப்பு இழந்து வெளிறிவிட்டன. மூன்று முறை கழுவியும் மாற்றமில்லை.

அண்ணை பையிலிருந்து தலைக்கு வைக்கும் தேங்காயெண்ணெயை எடுத்துத் துணியில் ஊற்றித் தேய்த்தார்.

"பாரும், மாதா சுரூபம் மாதிரி மினுங்குது."

"வழுக்குமெல்லோ அண்ணை?"

"துடைச்சுத்தானே விடுறன். ஆறு கல்லுக்கு ஆறு நாள் நித்திரை கொள்ளமாட்டீர் நீர்."

அன்று மத்தியானமே இரண்டாம் மாடியில் குடியிருந்த முதிய தையற்காரி அந்தக் கற்களில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். மறுநாள் முதலாளியம்மா எங்களை அழைத்தார். நிறுவனத்தால் வெளியாருக்கு ஏதும் நேர்ந்தால் பொறுப்பேற்கும் காப்புறுதி ஒன்று இருப்பதாகவும், நாளைக்கு அந்தக் கம்பனியின் ஆள் விசாரிக்க வருவதாகவும் சொன்னார். தரை ஈரமாக இருந்திருக்கும் என்றுதான் அவர் நினைத்தார். எண்ணெய் விஷயம் அவருக்குத் தெரியாது.

வீடு திரும்பும் பேருந்தில் அண்ணை குரலைத் தாழ்த்தினார். "எண்ணெயைப் பற்றி மூச்சு விடாதையும். வேலை போனா, பேந்து விசாக் கந்தோரில என்னத்தைக் காட்டப்போறீர்?"

நான் மாதங்களை எண்ணிப் பார்த்தேன். விண்ணப்பம் கொடுத்துப் பத்தொன்பது மாதம் ஆகியிருந்தது. குற்றவாளியாகப் பொலிஸில் கையெழுத்து வைக்கும் காட்சி கண்ணுக்குள் நின்றது. எங்கள் ஊரில் விசாரிக்க ஆள் வந்தால், அவர் நல்லது செய்ய வந்தார் என்று எவரும் நினைப்பதில்லை.

மறுநாள் காப்புறுதிக் கம்பனியின் ஆள் மடிப்பு அளவுகோலோடு வந்தார். கதவிலிருந்து படி வரை அளந்தார். விளக்கைப் போட்டு அணைத்துப் பார்த்தார். எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. பிறகு எங்களுக்கும் புரியும்படி மெதுவாகச் சொன்னார்: இந்தக் காப்புறுதி இரண்டு வேலை செய்யும். தவறு நிறுவனத்தினுடையது என்றால் பாதிக்கப்பட்டவருக்குக் கொடுக்கும். தவறு இல்லையென்றால், நிறுவனத்துக்காக நின்று கோரிக்கையை மறுக்கும்.

"தரை காய்ந்திருந்ததாக அயலவர் சொல்கிறார். வயதானவர்கள் விழுவது உண்டு. வேறொன்றும் இல்லையென்றால் மறுத்து எழுதிவிடுவேன்."

அண்ணை என் காலை மெல்ல மிதித்தார். நான் வாயைத் திறக்காவிட்டால் நாங்கள் தப்பினோம். தையற்கார அம்மாவுக்கு ஒன்றும் கிடைக்காது. கையில் ஊசி பிடித்து வாழ்ந்தவர். கட்டுப்போட்டது வலது கை.

"எண்ணெய் போட்டோம்," என்றேன். அமிலத்தையும் சொன்னேன். எத்தனை கல் என்றும் சொன்னேன்.

அவர் எழுதுவதை நிறுத்தாமல் முதலாளியம்மாவைக் கேட்டார்: "உங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது என்று சொல்லி முதலாளியம்மா எங்களை அங்கேயே வேலையிலிருந்து நிறுத்தியிருக்கலாம். அவர் சொன்னது இதுதான்: "எண்ணெய் தெரியாது. ஆனால் அந்த அமிலத்தைக் கல்லில் ஊற்றக்கூடாதென்று நான் சொல்லிக்கொடுக்கவில்லை. இவர்கள் என் ஆட்கள். என் நிறுவனத்தின் தவறு என்றே எழுதுங்கள்."

"தவறே விடாத நிறுவனத்துக்கு நாங்கள் எதற்கு?" என்றார் காப்புறுதிக்காரர், சிரிக்காமல்.

இன்றுவரை நான் நாலு காப்புறுதி ஒப்பந்தங்களை முழுதாக வாசித்திருக்கிறேன். சிறிய எழுத்தைக் கண்டால் இப்போதும் விரலால் வரி பிடித்து இரண்டு தரம் வாசிப்பேன். ஆனாலும் ஒருவர் கைப்பிழையால் இன்னொருவர் கை முறிந்தால், முறிந்த கையும் கவனிக்கப்பட்டு, பிழை விட்டவனும் அழியாமல் இருக்க இப்படி ஓர் ஏற்பாட்டை யோசித்து வைத்தவர்களை வியக்காமல் இருக்க முடியவில்லை. தையற்கார அம்மாவுக்கு ஒன்பது வாரம் காப்புறுதிப் பணத்தில் வீட்டு உதவிக்கு ஆள் வந்தது.

ஆறு கற்களுக்கு மட்டும் காப்புறுதி இல்லை. நாங்கள் வேலை செய்துகொண்டிருந்த பொருளே பழுதானால் அது சேராதாம். அதற்குத் தனியாகச் சேர்த்திருக்க வேண்டுமாம். முதலாளியம்மா கல்வேலைக்காரர் ஒருவரைக் கொண்டு தேய்த்து மெருகேற்றினார். எங்கள் சம்பளத்தில் கை வைக்கவில்லை, அதைப் பற்றி ஒரு வார்த்தை கதைக்கவுமில்லை.

அன்று விசாரிக்க வந்தவர் போனபின் நான் வாளியை எடுக்கவா, வைக்கவா என்று தெரியாமல் நின்றேன். "திங்கட்கிழமை வரலாமா?" என்று முதலாளியம்மாவைக் கேட்டேன்.

"ஆறரைக்கு," என்றார் அவர். "முதலில் போத்தல்களில் எழுதியிருப்பதை வாசிப்போம். பிறகு தேய்ப்போம்."

தெருவுக்கு இறங்கினோம். பேருந்துத் தரிப்பிடத்தில் அண்ணை பையை இறக்கி வைத்தார்.

"உம்மை வைச்சுக்கொண்டு ஒரு களவும் செய்யேலாது," என்றார். பிறகு, என்னைப் பார்க்காமலே, "அந்தத் தையல்கார மனிசியை ஒருக்காப் பாத்திட்டு வருவமோ?" என்று கேட்டார்.

"ஓம்," என்றேன். திரும்பி நடந்தோம்.