சல்மாவின் கையெழுத்து

வெளிநாட்டில் நடந்த திருமணம், நடந்த இடத்தில் அன்றிருந்த சட்டப்படி செல்லுபடியானால் ஜெர்மனியிலும் செல்லுபடியாகும். இதுதான் விதி. முப்பத்தொரு ஆண்டு யாழ்ப்பாணக் கச்சேரி என்னும் அரச செயலகத்தில் கோப்புப் பார்த்து ஓய்வுபெற்ற என்னால் இதில் குறை காண முடியவில்லை. நடந்த நாடே இல்லாமற் போனால் என்ன செய்வதென்று மட்டும் அதில் இல்லை.

ஜெர்மன் நகரான கெல்சென்கிர்ச்சனில் எங்கள் மேல்வீட்டு நாசர் அப்படியொரு நாட்டுக்காரர். சோசலிசப் புரட்சி நடந்த தெற்கு யேமன் தொண்ணூறில் வடக்கோடு இணைந்தது. அவர் படிக்க வந்த கிழக்கு ஜெர்மனியும் அதே ஆண்டு மறைந்தது. என் இலங்கைக் கடவுச்சீட்டிலும் சோசலிசக் குடியரசு என்றுதான் அச்சிட்டிருக்கிறார்கள். வேறெங்கும் அதை நான் கண்டதில்லை. நாசரின் நாட்டில் அது சட்டமாகவே வந்திருந்தது. அதன் தலைநகர் ஏடனில் எழுதிய அவரது திருமணப் பத்திரத்தில் பெண்ணுக்காகத் தந்தையோ தமையனோ ஒப்பமிடவில்லை. மணப்பெண் சல்மாவே இட்டிருந்தாள். அவளுடைய தாய் எழுத்தறியாதவள், எதற்கும் கைநாட்டுத்தான்.

சல்மாவையும் மகளையும் இங்கே அழைக்க அந்தப் பத்திரத்தை இணைத்து ஜெர்மன் குடிவரவு அலுவலகத்துக்கு அன்ட்ராக் என்ற விண்ணப்பத்தை எழுதிக்கொடுத்தேன். பதினொரு மாதம் பதில் இல்லை. ஒப்பம் கூடினால் பத்திரத்துக்குப் பலம் கூடும் என்பது கச்சேரிப் புத்தி. ஏடனில் இப்போது சட்டம் வேறு, தமையன் ஒப்பமிட்டுப் புதிதாகப் பதிந்தால் இரண்டு கிழமையில் முடியும் என்றேன். நாசர் தொலைபேசியில் கேட்டார். அவள் மறுத்துவிட்டாள்.

"அது வெறும் நடைமுறைதானே" என்று வீட்டில் அலுத்துக்கொண்டேன்.

"உங்களுக்கு நடைமுறை" என்றாள் என் மனைவி. "என்ரை கலியாணத்திலை என்னைப் பெத்த ஐயாவும் நீங்களுந்தான் கதைச்சனீங்கள். என்னை ஆர் கேட்டது?"

"கேட்டிருந்தால் மாட்டன் எண்டிருப்பியோ?"

"கேட்டிருந்தாலெல்லோ தெரியும்."

நான் பத்திரிகையை விரித்துக்கொண்டேன். மறுநாளும் நாசரிடம் அதையே சொன்னேன்.

தகப்பனைப் புகைப்படத்தில் மட்டும் அறிந்த மகளுக்காகச் சல்மா கடைசியில் இறங்கிவந்தாள். தமையன் ஒரு நிபந்தனை வைத்தான்: முதற்பதிவு தவறென்று அவளே எழுதித்தர வேண்டும். எழுதிக் கொடுத்தாள்.

புதிய பத்திரம் வந்தது. அவள் பெயர் இரண்டு இடத்தில் இருந்தது. கையெழுத்துக்கு இடமே விடப்படவில்லை. நாசர் பழையதன் பிரதியையும் அதையும் எங்கள் சமையலறை மேசையில் பக்கம் பக்கமாக வைத்து, எந்தச் சல்மாவை அழைப்பது என்று கேட்டார். என் மனைவி என்னைப் பார்த்தாள்.

பழைய பத்திரமே போதும், வேறெதுவும் தேவையில்லை என்று குடிவரவு அலுவலகத்தின் பதில் வந்தது அதற்கு நான்கு நாள் கழித்து, 1996 மார்ச் 11, திங்கட்கிழமை.