கருந்துளை மேல் போட்ட பழி

வானியல் துறையில் அவருக்குக் கருந்துளையார் என்று பெயர். வைத்தவர்கள் கிண்டலுக்குத்தான் வைத்தார்கள். அவர் அதைப் பட்டமாகவே வாங்கிக்கொண்டார். தூரத்துக் கேலக்ஸி எதிலாவது புது நட்சத்திரம் பிறக்கவில்லை என்று தெரிந்தால் போதும், அதன் நடுவில் இருக்கும் கருந்துளையைப் பிடித்துக் கூண்டில் ஏற்றிவிடுவார். அது வாயுவை விழுங்குகிற வேகத்தில் சூறைக்காற்றைக் கிளப்பி, நட்சத்திரமாக வேண்டிய குளிர்ந்த வாயுவையெல்லாம் வெளியே தள்ளிவிடும் என்பது அவர் கட்சி. அப்படி நடப்பதும் உண்டுதான். அதற்காக ஊரில் எது காணாமல் போனாலும் ஒரே ஆளைப் பிடித்து உதைப்பதற்குப் பெயர் ஆராய்ச்சியா?

அவர் மனைவிக்கும் அதே துறையில்தான் வேலை, இரண்டு அறை தள்ளி. அந்த அம்மாள் பார்ப்பது கேலக்ஸிகளின் அக்கம்பக்கத்தை. நெரிசலான கூட்டத்துக்குள் ஒரு கேலக்ஸி போய் மாட்டிக்கொண்டால், அங்கே நிரம்பிக் கிடக்கும் சூடான வாயுவே அதன் குளிர்ந்த வாயுவை உரித்துவிடும். கருந்துளை சுண்டுவிரலைக்கூட அசைக்க வேண்டியதில்லை.

அந்த வருடம் குழுத் தலைவர் பதவி காலியானது. ஓர் உரை நிகழ்த்த வேண்டும். எடுபட்டால் நாற்காலி கருந்துளையாருக்கு. பாதி ஆயுளை அந்த நாற்காலிக்காகவே தேய்த்த மனிதர். கணினியில் வரைபடம் போட்டுப் பார்த்தார். புள்ளிகள் எல்லாம் சொன்ன பேச்சைக் கேட்டன, மேல் மூலையில் ஒரு கைப்பிடியைத் தவிர. அந்தக் கேலக்ஸிகளில் கருந்துளையில் விழுகிற வாயு தகதகவென்று எரிந்துகொண்டிருக்க, நட்சத்திரங்கள் தம் பாட்டுக்குப் பிறந்துகொண்டிருந்தன. அளவெடுத்ததில் கோளாறு என்று தானே தீர்ப்பெழுதி அவற்றை அழித்தார். படம் கண்ணில் ஒற்றிக்கொள்வது போல் ஆகிவிட்டது.

உரை முடிந்ததும் நல்ல கைதட்டல். மூன்றாவது வரிசையில் மனைவி கையைத் தூக்கினார்.

"சார், இதுல இருக்குறதெல்லாம் கூட்டத்துக்குள்ள இருக்குற கேலக்ஸிதானே? தனியா இருக்குறது ஒண்ணுகூடக் காணோமே?"

"அது... அளவு சரியில்லன்னு எடுத்துட்டேன்."

"தனியா இருக்குறதுக்கு மட்டும் பாத்துப் பாத்து அளவு கெட்டுப்போச்சா சார்?"

அரங்கமே சிரித்தது. தேர்வுக் குழுவினர் மட்டும் சிரிக்கவில்லை. பதவி, பேச்சே வராத ஓர் ஒல்லி மனிதருக்குப் போனது.

சேதி வந்த அன்று கருந்துளையார் சமையலறை வாசலில் நின்று கத்தினார். கோபத்தைவிட அழுகைதான் அதிகம் இருந்தது.

"புருஷன் மானத்த நாலு பேர் முன்னாடி இப்படியா வாங்குவ? முன்னாடியே வீட்டுல ஒரு வார்த்த சொல்லியிருந்தா திருத்தியிருக்க மாட்டேனா?"

அந்த அம்மாள் கழுவிய தட்டைத் துடைத்து அடுக்கில் வைத்தார்.

"வருஷக்கணக்கா வீட்டுலதாங்க சொன்னேன். ஒவ்வொரு தடவையும் நீங்க, உப்பு கொஞ்சம் கம்மின்னீங்க."