கழுதைக்காரியின் எட்டாம் பாகம்

அந்த ஒன்பது பாகத்து மாயக் கதையில் ஆளுக்குப் பஞ்சமே கிடையாது. பறக்கும் நாகத்தின் மேல் ஏறி ஊரை எரிக்கும் ராணி உண்டு. நிழலை உருவி வாளாக்கும் இளவரசன் உண்டு. சாவே வராத சூனியக்காரி உண்டு. படிக்கிறவர்கள் இவர்களில் ஒருவராக ஆகத்தான் ஆசைப்படுவார்கள். ஆனால் கண்டக்டரக்கா மட்டும், ஆவதென்றால் கழுதைக்காரியாகத்தான் ஆவேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள்.

கழுதைக்காரிக்குக் கதையில் ஒரு பெயர்கூடக் கிடையாது. இரண்டு கழுதைகளை ஓட்டிக்கொண்டு, இளவரசனின் படைக்குப் பின்னால் மாவு மூட்டையும் கூடாரத் துணியும் கொண்டுவருவாள். ஐம்பது பக்கத்துக்கு ஒருமுறை தலைகாட்டி யாரையாவது திட்டிவிட்டுப் போவாள்.

"ராணியா இருந்து என்னடி சுகம்? பொறந்த அன்னிக்கே சாபம். இளவரசனுக்கு என்னிக்குச் சாவுன்னு அசரீரி சொல்லிருச்சு. இவளப் பாரு, சாபமும் இல்ல, வரமும் இல்ல. ராஜா மகனையே 'தள்ளி நில்லுடா, கழுதை உதைக்கும்'னு சொல்றா. இதவிட என்ன வேணும்?" என்பாள் அக்கா.

"ஊரே நாகத்து மேல ஏற ஆசைப்பட்டா, நீ கழுதை பின்னால நடக்க ஆசைப்படுற. உனக்குப் போய்ப் படிச்சுக் காட்டுறேன் பாரு!" என்று சின்னவள் தலையில் அடித்துக்கொள்வாள். சின்னவள் என்பது தங்கை. வயது நாற்பதைத் தாண்டியும் அந்தப் பெயர் அவளை விடவில்லை.

அக்கா பத்தொன்பது வயதில் பஸ்ஸில் ஏறியவள். அப்பாவும் அம்மாவும் ஒரே வருஷத்தில் அடுத்தடுத்துப் போய்ச்சேர, படித்துக்கொண்டிருந்த தங்கையும் தம்பியும் அவள் தலையில் விழுந்தார்கள். தோல்பையும் விசிலுமாக இருபத்தாறு வருஷம் நின்றுகொண்டே பிழைத்தாள். படிக்கட்டில் தொங்கும் தடியன்கள் அவளுடைய ஒரே அதட்டலில் பெட்டிப் பாம்பாக உள்ளே போய்விடுவார்கள். யாராவது கல்யாணப் பேச்சை எடுத்தால், ட்யூட்டிக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிடுவாள். சின்னவளின் கல்யாணம் மூன்றே வருஷத்தில் முறிந்து, பெட்டியும் கையுமாக அவள் வாசலில் வந்து நின்றபோது, "குளிச்சிட்டு வா, சாப்பிடலாம்" என்றாள். அதற்கு மேல் இன்றுவரை ஒரு கேள்வி கேட்டதில்லை.

அப்படிப்பட்டவளின் கண்ணைச் சர்க்கரை நோய் கொண்டுபோனது. முதலில் டிக்கெட்டில் எழுத்து தெரியவில்லை, பிறகு பஸ்ஸின் படி தெரியவில்லை. வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்தவள் ஒரு மாதம் வாயே திறக்கவில்லை. அவளுடைய பஸ்ஸை ஓட்டிய டிரைவர் ஒருநாள் வந்து, யாரோ பஸ்ஸில் மறந்துவிட்டுப் போய் டிப்போ அலமாரியில் கேட்பாரற்றுக் கிடந்த ஒரு தடிப் புத்தகத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். கண் தெரியாதவளுக்குப் புத்தகம் கொடுத்த புத்திசாலியை என்ன சொல்வது! ஆனால் அக்காவின் வாயைத் திறந்தது அந்த முதல் பாகம்தான். மீதியைச் சின்னவள் நூலகத்திலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து வந்தாள்.

சின்னவளுக்குச் சட்டைக் கம்பெனியில் செக்கிங் வேலை. காலர் நுனி, பொத்தான் துளை, நூல் பிசிறு என்று நாள் முழுக்கப் பார்த்துக் கண் பூத்துப்போய் ஆறு மணிக்கு வீட்டுக்கு வருவாள். டீ போட்டு அக்கா கையில் கொடுத்துவிட்டு ஒரு மணி நேரம் படிப்பாள். ஐந்தாம் பாகத்தின் நடுவில்தான் அந்த வரி வந்தது.

'பாலம் இடிந்து, கழுதைகளும் கழுதைக்காரியும் பள்ளத்தில் விழுந்து மாண்டனர்.'

அவ்வளவுதான். அடுத்த மூன்று பக்கம், அதே பள்ளத்தில் விழுந்த தன் வாளுக்காக இளவரசன் அழுகிறான். அந்த எழுத்தாளன் மட்டும் எதிரே இருந்திருந்தால் சின்னவள் காதைத் திருகியிருப்பாள். அந்த வாரம்தான் டாக்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, அக்காவுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது, இனி வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் என்று சொல்லியிருந்தார். சின்னவளின் கண் அந்த வரியை முந்திக்கொண்டு பார்த்துவிட்டது. வாய் நின்றது.

"என்னடி, தொண்டை கட்டிக்கிச்சா?"

"ஒண்ணுமில்ல" என்றுவிட்டு, "பாலம் இடியறதுக்குள்ள கழுதைக்காரி அந்தப் பக்கம் போய்ச் சேந்துட்டா" என்று படித்தாள்.

ஒரு பொய் சொன்னால் போதும் என்றுதான் நினைத்தாள். ஆனால் மறுநாளே அக்கா, "இன்னிக்கு எங்காளு வரலையா?" என்றாள். செத்தவளை எழுத்தாளன் எங்கே கொண்டுவருவான்? சின்னவள்தான் கொண்டுவந்தாள். காலரைப் பார்த்துக்கொண்டே கம்பெனியில் யோசித்து வைப்பாள். சாயங்காலம் இளவரசனுக்கும் சூனியக்காரிக்கும் இடையில் சொருகுவாள். ஒருநாள் கழுதைக்காரி சூனியக்காரியிடமே கழுதை வாடகை கேட்டாள். இன்னொரு நாள் எரிகிற ஊருக்குள் புகுந்து, விட்டுப்போன ஒரு மூட்டையை எடுத்து வந்தாள். ஒரு கை நீளம் ஒரு கை குட்டையான சட்டை ஒன்று சின்னவளைத் தாண்டிப் போனதற்குச் சூப்பர்வைசர் கிழிகிழி என்று கிழித்தார். அவளுக்கு அது உறைக்கவே இல்லை.

"அஞ்சாம் பாகத்துக்கு அப்புறம்தான் இந்த ஆளுக்கு எழுதவே வந்திருக்கு" என்று அக்கா சொன்ன அன்று சின்னவளுக்குத் தலைகால் புரியவில்லை. உள்ளே போய்ச் சிரித்தாள், பிறகு அழுதாள்.

செவ்வாய், வியாழன், சனி காலையில் ஆஸ்பத்திரி வேன் வரும். போகும்போது ஏறுகிற அக்கா வேறு, திரும்பும்போது இறங்குகிற அக்கா வேறு. துணி பிழிந்ததுபோல் துவண்டு வருவாள். கையில் ஊசி குத்த இடமில்லை. ஆறாம் பாகத்தில் நடந்து வேனில் ஏறியவளை எட்டாம் பாகத்தில் தூக்கி வைக்கவேண்டியிருந்தது.

அப்போதுதான் வெளியூரிலிருந்து தம்பி வந்தான். "சின்னக்கா பாவம், தொண்டை வத்திப் போகுது" என்று, ஒன்பது பாகத்தையும் தானே படிக்கிற ஒரு பெட்டியை அக்காவின் தலைமாட்டில் வைத்து, எந்தப் பொத்தானை அழுத்தவேண்டும் என்றும் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனான். நல்ல மனசுதான். சின்னவள் கம்பெனியிலிருந்து வந்து அதைப் பார்த்தபோது கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை.

"கழுதையச் சொல்லிட்டு அப்புறம்தான்டி அவளச் சொல்றான்" என்றாள் அக்கா. ஐந்தாம் பாகத்தைப் பெட்டியில் கேட்டுவிட்டிருந்தாள்.

சின்னவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"டிக்கெட் எடுக்காம புளுகுறவங்களை இருபத்தாறு வருஷம் மூஞ்சியப் பாத்தே புடிச்சவ நான். உன்ன நம்பிட்டேன் பாரு. மூஞ்சி தெரியல, அதான்."

"கோவமா அக்கா?"

"கோவம் என்ன கோவம். அவன் கொன்னவளை நீ இத்தனை நாள் நடக்க வச்சிருக்க." கையைத் துழாவித் தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அவளுக்குக் கால் வலிக்குதுடி சின்னு. போதும், விட்டுடு."

சின்னவளுக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. புரியாததுபோல், "இன்னும் ஒரு பாகம் இருக்கே" என்றாள்.

"நான் டாக்டர்கிட்ட பேசிட்டேன். செவ்வாக்கிழமையிலேருந்து ஆஸ்பத்திரிக்குப் போகப்போறதில்ல."

"நீயா முடிவு பண்ணிட்டியா? என்னை ஒரு வார்த்த கேக்க வேணாம்? உன்ன விட்டா எனக்கு யாரு இருக்கா?" சின்னவள் கத்தினாள். பிறந்ததிலிருந்து அக்காவை எதிர்த்து அவள் கத்தியது அன்றுதான்.

அக்கா அதட்டவில்லை. கத்தி முடியும்வரை காத்திருந்தாள். "உங்கிட்ட கேட்டா நீ வேணாம்ப. எனக்கு அதத் தாண்டிப் போகத் தெம்பில்ல" என்றாள். பிறகு, "அவளுக்கு நீயே ஒரு சாவு எழுதிக் குடு. ஒரு வரியில வேணாம். கழுதைக்கு அப்புறமும் வேணாம்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சின்னவள் எட்டாம் பாகத்தை மடியில் விரித்துவைத்துக்கொண்டு ஆரம்பித்தாள். கழுதைக்காரி மலையுச்சிக்கு வந்தாள், மூட்டைகளை இறக்கினாள், கழுதைகளை அவிழ்த்து மேயவிட்டாள், ஒரு பாறையில் சாய்ந்து படுத்தாள். அங்கே ஒரு வைத்தியர் வந்துவிட்டார். அக்கா இல்லையென்று தலையாட்டினாள். வைத்தியரை அனுப்பிவிட்டு மறுபடி படுக்க வைத்தால், சூனியக்காரி ஒரு வேரோடு வந்தாள். அவளையும் அக்கா திருப்பி அனுப்பச் சொன்னாள். மூன்றாம் முறை யாரும் வரவில்லை. கழுதைக்காரி தானாகவே கண் விழித்து, பசிக்கிறது என்று எழுந்து உட்கார்ந்துவிட்டாள். அக்கா சிரித்தாள், சிரிப்பு இருமலாகி, நெடுநேரம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள்.

"செத்துப்போனான்னு சொல்லுடி."

"முடியலக்கா."

"சொல்லுடா கண்ணு."

"செத்துப்போனா" என்றாள் சின்னவள்.

"அவ்வளவுதானே. இந்த ஒரு வார்த்தைக்கு மூணு பாகம் இழுத்திருக்க" என்று சொல்லி, அழுகிற தங்கையின் தலையை இழுத்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள் அக்கா.

செவ்வாய்க்கிழமை காலையில் வழக்கம்போல் வேன் வந்து ஹாரன் அடித்தது. சின்னவள் வாசலுக்கு வந்தாள்.

"அக்கா ரெடியாம்மா?" என்று கேட்டார் டிரைவர்.

"இன்னிக்கு வரல அண்ணே."

"அப்போ வியாழக்கிழமை வரட்டுமா?"

அவர் வண்டியை அணைக்காமல் பதிலுக்குக் காத்திருந்தார். சின்னவள் வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வரச்சொல்லிவிடலாம் என்று ஒரு நிமிஷம் நாக்கு நுனிவரை வந்தது. உள்ளே அக்கா தூங்கிக்கொண்டிருந்தாள்.

"வேணாம் அண்ணே" என்றாள்.