ஐந்து பனியன்

மருமகன் கொண்டுவந்த தாளில் பதினொரு வரிகள் இருந்தன. நான்காவது வரியைப் படித்ததிலிருந்து எனக்குச் சரியான தூக்கம் இல்லை.

இரண்டாயிரத்து ஐந்தோ ஆறோ இருக்கும். மருமகனுக்கு ஏற்றுமதிக் கம்பெனியில் வேலை. நாள் முழுவதும் வெளிநாட்டுக்காரர்களோடு பேச்சு. அவர்களில் ஒருவர் வருடம் ஒருமுறை தன் குழந்தைகளை அழைத்துக்கொண்டு மலையேறப் போவாராம். படங்கள் அனுப்பியிருக்கிறார். அதைப் பார்த்து இவருக்கும் ஆசை வந்துவிட்டது. ஆனைமலைப் பக்கம் ஒரு நாள் ஏற்றம், மேலே ஒரு இரவு, மறுநாள் இறக்கம். கூட வேலை செய்யும் இரண்டு பேரின் குடும்பமும் வருகிறது. என் பேத்திக்கு எட்டு வயது, பேரனுக்கு ஆறு. சின்னக் குழந்தைகளுக்கு என்னென்ன போட வேண்டும் என்று கேட்டதற்கு அந்த வெளிநாட்டுக்காரர் அனுப்பிய பட்டியல்தான் அந்தத் தாள். பக்கத்திலேயே விலையும் போட்டிருந்தது. ஒரு குழந்தையின் மேல்கோட்டு விலையில் எங்கள் தெருவில் ஒரு குடும்பம் மாதம் முழுக்கச் சாப்பிடலாம்.

“மாமா, துணி பாக்கறதுல நீங்கதானுங்க கெட்டி. இதுல எதெது நம்மூர்ல கம்மியாக் கெடைக்கும்னு பாத்துச் சொல்லுங்க” என்றார்.

நான் இருபத்தாறு வருடம் பனியன் கம்பெனியில் செக்கிங் பார்த்தவன். ஒரு நாளைக்கு எண்ணூறு உருப்படி கையில் புரளும். பழுது கண்ட இடத்தில் சிவப்பு அம்பு ஒட்டுவேன். ஓய்வுபெற்ற பிறகும் கை எதையாவது எண்ணிக்கொண்டேதான் இருக்கும். தாளை வாங்கிக்கொண்டேன்.

நான்காவது வரி இதுதான்: பருத்தி எதுவும் வேண்டாம், நனைந்த பருத்தி குழந்தையின் உடம்புச் சூட்டை எடுத்துவிடும்.

அதற்கு முப்பத்தொரு வருடம் முன்பு நான் ஒரு பிள்ளையை மலைக்கு அழைத்துப் போனேன். என் மகன். ஒன்பது வயது. வேறு மலை, பெயரைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நேர்த்திக்கடன் இருந்தது. மேலே குளிரும் என்று தெரியும். ஸ்வெட்டர் வாங்க வசதி இல்லை. கம்பெனியில் தையல் பிசகிய பனியன்களில் நல்லதாக ஐந்து பொறுக்கி எடுத்து மஞ்சள் பையில் வைத்துக்கொண்டேன். பாதி வழியில் சாரல் பிடித்துக்கொண்டது. போனது இரண்டு பேர். நான் தனியாக, அவனைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினேன். மலைக் காய்ச்சல் என்றார்கள். விதி என்றார்கள். என் மனைவி தன் கடைசி நாள்வரை அவன் மேலே என்ன சொன்னான் என்று கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. மகளுக்கு அப்போது மூன்று வயது. அண்ணன் காய்ச்சலில் போய்விட்டான் என்பதுதான் அவளுக்குத் தெரிந்தது.

முப்பத்தொரு வருடம் நானும் அதைத்தான் நம்பியிருந்தேன். ஐந்து பனியன் போட்டும் காய்ச்சல் வந்துவிட்டதே என்று.

துணியின் கனம் பார்க்கிற சின்னத் தராசு ஒன்று என்னிடம் உண்டு. கம்பெனியில் கழித்துப் போட்டதைக் கேட்டு வாங்கி வந்தது. ஒரு மத்தியானம் மகள் வேலைக்குப் போயிருந்த நேரத்தில், பேத்தியின் பனியன் ஒன்றை அதில் வைத்தேன். அறுபது கிராம். தண்ணீரில் முக்கி, சொட்டு நின்றதும் மறுபடி வைத்தேன். இருநூறு. நூற்று நாற்பது கிராம் தண்ணீர். அதை ஐந்தால் பெருக்கினேன். பெருக்கியிருக்கக் கூடாது. எழுநூறு கிராம் குளிர்ந்த தண்ணீரை, காற்றடிக்கிற சரிவில், ஒன்பது வயதுப் பிள்ளையின் மேல் நான் கட்டிவிட்டிருக்கிறேன்.

மருமகனிடம் போக வேண்டாம் என்று சொல்லலாம். ஏன் என்று கேட்பார். பதில் சொல்வதைவிட வாங்கி வருவது சுலபமாக இருந்தது. மறுநாளே கிளம்பினேன்.

நல்லூரில் என் வீட்டிலிருந்து பஸ் நிறுத்தத்துக்குப் போவதற்குள் பதினான்கு பனியன் யூனிட். பருத்தி இல்லாத ஒரு சட்டையைத் தேடிக்கொண்டு நான் அவற்றைக் கடந்து போனேன். முதல் நாள் ஒன்பது கடை. எல்லோரும் பெருமையாகச் சொன்னார்கள்: “நூறு பர்சண்ட் காட்டனுங்க, தொட்டுப் பாருங்க.” நான் வேண்டாம் என்றதும் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். இந்த ஊரில் பருத்தியை வேண்டாம் என்றவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

காலுறை முதலில் கிடைத்தது. பள்ளிக்கூடத்துக்கு விற்கும் நைலான் உறை. நாற்றமடிக்கும் என்று மகளை வாங்கவிடாமல் நான் தடுத்த அதே உறை. ஆளுக்கு மூன்று ஜோடி எடுத்தேன். காலணிக்கு வெளிநாட்டுப் பூட்ஸ் எல்லாம் கட்டாது. அடியில் ஆழமாக வெட்டுப் பள்ளம் உள்ள கேன்வாஸ் ஷூ போதும் என்று முடிவு செய்தேன். பள்ளங்களை எண்ணிப் பார்த்துத்தான் வாங்கினேன். மழைக்கோட்டைப் பக்கத்துத் தெரு டெய்லரிடம் பிளாஸ்டிக் தாளில் தைக்கலாம் என்று போய், வாசலிலிருந்தே திரும்பிவிட்டேன். அங்குலத்துக்குப் பன்னிரண்டு தையல் என்றால் பன்னிரண்டு ஓட்டை. பிறகு பெட்டிக்குள் போடும் பாலித்தீனைச் சூடு வைத்து ஒட்டும் ஒருவரைப் பிடித்து, தையலே இல்லாமல் இரண்டு கோட்டு ஒட்டி வாங்கினேன். தலையை நுழைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

குளிருக்கான மேல்கோட்டுதான் கிடைக்கவில்லை. ஆறாம் நாள், ஏற்றுமதியில் கழிந்த துணிகளைக் குவித்து விற்கும் ஒரு கடையில், குவியலின் அடியில் கை போனது. பாலியஸ்டர் பிளீஸ் கோட்டு, கம்பளி மாதிரிப் பஞ்சு எழுப்பிய துணி. மெத்தென்று, எடையே இல்லாமல். குழந்தைகள் அளவு. எந்த நாட்டுக் குழந்தைக்கோ தைத்தது. கழுத்து லேபிளைப் பாதியாக வெட்டியிருந்தார்கள். இடது கை முனையில் சிவப்பு அம்பு. டேப்பை எடுத்து அளந்தேன். வலது கையைவிட இடது கை மூன்று சென்டிமீட்டர் நீளம். ஒரு சென்டிமீட்டருக்கு மேல் போனால் நானும் கழித்திருப்பேன்.

கடைக்காரர் திருநெல்வேலிப் பக்கம். பிழைக்க வந்து பத்து வருடம் என்றார். குடிக்க வைத்திருந்த செம்பை எடுத்து அவர் துணியின்மேல் தண்ணீரை ஊற்றினேன்.

“பெரியவரே, துணி வாங்க வந்தியளா, பயிர் வைக்க வந்தியளா?”

நனைத்ததற்கும் சேர்த்துப் பணம் தருகிறேன் என்று சொல்லி, பிழிந்து, வெயிலில் அவர் பலகையின்மேலேயே போட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவர் டீ சொன்னார். வந்த வாடிக்கையாளர்களிடம் என்னைக் காட்டி, இவர் துணிக்குக் காவல் இருக்கிறார் என்று சிரித்தார். இருபத்து மூன்று நிமிடத்தில் உள்பக்கம் காய்ந்திருந்தது. அன்று தராசில் வைத்த பேத்தியின் பனியன் வீட்டுக் கொடியில் மூன்று மணி நேரம் ஈரமாகவே கிடந்தது.

எத்தனை வேண்டும் என்றார். இரண்டு என்றேன். பிறகு என்னை அறியாமல் குவியலுக்குள் கையை விட்டு, ஒன்பது வயதுக்கான அளவு இருக்கிறதா என்று துழாவினேன். இருந்தது. கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தேன். அதையும் வாங்கினேன்.

மூன்றாவதை வீட்டில் யாரிடமும் காட்டவில்லை. என் அலமாரியில், வேட்டிகளுக்கு அடியில் வைத்தேன்.

கிளம்பும் நாள் காலை ஆறு மணிக்கு வேன் வந்துவிட்டது. ஷிப்மெண்ட் நெருக்கடியில் மகளுக்கு லீவு கிடைக்கவில்லை. குழந்தைகளை அவளே உடுத்திவிட்டிருந்தாள். நான் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். ஷூ, உறை, பை, மழைக்கோட்டு, பிளீஸ். பேரனின் கழுத்துப் பட்டையைச் சரி செய்தபோது உள்ளே வெள்ளையாக ஒரு விளிம்பு தெரிந்தது. விரலை விட்டு இழுத்துப் பார்த்தேன். ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு பனியன். புதியது. மகள் வேலை செய்யும் கம்பெனி உருப்படி. பேத்திக்கும் இரண்டு.

“கழட்டு” என்றேன்.

“குளிருமுங்கப்பா. ஒண்ணுக்கு ரெண்டா இருக்கட்டும்னு போட்டுட்டேன்.”

“கழட்டு கண்ணு. நாலையும் கழட்டீரு.”

வேன்காரர் ஹாரன் அடித்தார். மருமகன் வாசலில் நின்று, மாமாவுக்குப் பட்டியல் பைத்தியம் பிடித்துவிட்டது என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். மகள் நகரவில்லை. தாய்க்கு அது எப்படி முடியும்? மலைக்குப் போகிற பிள்ளையின் உடம்பிலிருந்து துணியைக் குறைக்கச் சொல்கிறேன்.

“ஏனுங்கப்பா? காரணத்தச் சொல்லுங்க.”

“உங்கண்ணனுக்கு அஞ்சு போட்டேன்” என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். மண்டிபோட்டு உட்கார்ந்து இரண்டு பிள்ளைகளின் பனியன்களையும் உருவி எடுத்தாள். வெற்றுடம்பின்மேல் பிளீஸை மாட்டி ஜிப்பைக் கழுத்துவரை இழுத்தாள். பேத்திக்குக் கூச்சம் தாங்காமல் சிரிப்பு. இடது கை நீளமாகத் தொங்குவதைப் பார்த்துப் பேரன், “அப்புச்சி, எனக்குத் தும்பிக்கைங்க” என்று ஆட்டிக் காட்டினான்.

வேன் தெரு திரும்பிய பிறகும் அவள் கையில் நான்கு பனியன்கள் இருந்தன. இன்னும் உடம்புச் சூடு ஆறாதவை.

“அண்ணன் குளுருதுன்னு சொன்னானுங்களா?”

“சொன்னான். சொல்லச் சொல்ல இன்னொண்ணு போட்டேன்.”

“அப்பறம்?”

“அஞ்சாவது போட்டப்பறம் நடுங்கறது நின்னு போச்சு. செரியாயிருச்சுன்னு நெனச்சுட்டேன் கண்ணு. தூக்கம் வருதுன்னான். தூங்குன்னேன்.”

அவள் உள்ளே போய்விட்டாள். அன்று அவள் வேலைக்குப் போகவில்லை. ஷிப்மெண்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மாலை மேற்கே மேகம் கட்டியதை இரண்டு பேரும் மொட்டைமாடியில் நின்று பார்த்தோம். மேலே செல்போன் எடுக்காது என்று மருமகன் முன்பே சொல்லியிருந்தார். இருந்தும் நான் பதினேழு முறை அழைத்தேன்.

மறுநாள் மாலை ஐந்தரைக்கு வேன் வந்து நின்றது. முதலில் பேத்தி இறங்கினாள், பிறகு பேரன். ராத்திரி முழுக்க மழையாம். காலையில் இறங்கும்போதும் மழையாம். ஒட்டுக் கோட்டு ஒரு பக்கம் கிழிந்து, பிளீஸெல்லாம் நனைந்து, மறுபடி காய்ந்திருந்தது. பேரனின் வலது கை சில்லென்று இருந்தது. இடது கையைத் தேடினேன். நீளமாக இருந்த முனைக்குள் விரல்களை இழுத்துச் சுருட்டி வைத்திருந்தான். உள்ளே விட்டுத் தொட்டேன். சூடாக இருந்தது. அவன் உருவப் பார்த்தான். நான் விடவில்லை.

“பாத்தீங்களா, தும்பிக்கைக்குள்ள குளுரவே இல்லீங்க அப்புச்சி” என்றான்.

மகள் வாசலில் நின்று இரண்டு பேரையும் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். எப்போது எடுத்தாளோ தெரியவில்லை, அலமாரியில் நான் ஒளித்து வைத்திருந்த மூன்றாவது கோட்டு அவள் கையில் மடித்தபடி இருந்தது.