ஆராயியின் சேலத்துக் குரல்

ஆராயிக்குத் தொண்டை ஆண்டவன் கொடுத்தது. காப்பித் தோட்டத்து மேட்டிலிருந்து அவள் கூப்பிட்டால், பள்ளத்தில் பழம் பறிக்கிறவர்கள் கூடையோடு நிமிர்வார்கள். அதனாலேயே ஏற்காடு கடைவீதிக்குப் பொதுத் தொலைபேசி வந்தபோது அவளைக் காவலுக்கு வைத்தார்கள். போன் வந்தால் ஆளைக் கூப்பிட வேண்டும், அவ்வளவுதான் வேலை. இவள் சும்மா இருப்பாளா? பேச வந்தவர்களுக்கெல்லாம் பாடம் நடத்தினாள்.

"அடிவாரத்துக்குன்னா வளைவெல்லாம் சுத்தி எறங்குற அளவுக்குப் பேசுனாப் போதுமுங்க. சேலத்துக்குன்னா அதுக்கப்புறமும் போகோணும். அடிவயித்துல இருந்து பேசுங்க."

கம்பிக்கு வளைவு கிடையாது என்ற தபால்காரரை, "நீங்க உள்ளே போயிப் பாத்தீங்களா?" என்று மடக்கினாள். கடைவீதியே நம்பிக் கத்தியது. நானும் கத்தியிருக்கிறேன், இதில் என்ன வெட்கம்.

மேல் பங்களாத் துரைக்கு மதியத் தூக்கம் போயிற்று. புகார் எழுதினார். சேலத்திலிருந்து ஓர் அதிகாரி விசாரணைக்கு வந்து, தொலைபேசிக் கூண்டுக்கு எதிரிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். துரைக்காக அவருடைய தோட்டத்துக் கணக்கெழுதும் ரைட்டர் ஐயாக்கண்ணு பேனாவோடு வந்திருந்தார்.

"சத்தம் இல்லைன்னு நீதாம்மா ருசுப்படுத்தணும், ஆதாரம் காட்டணும்" என்றார் அதிகாரி. " சாயங்காலம் வரைக்கும் பார்ப்பேன். இல்லேன்னா போனை எடுத்துருவோம்."

"ஏனுங்க, புகார் சொன்னவங்க ருசுக் காட்ட வேண்டாமுங்களா?"

"துரை சொன்னா அதுவே ருசு" என்றார் ஐயாக்கண்ணு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இல்லாத சத்தத்தை எந்தக் கூடையில் அள்ளிக் காட்டுவது?

ஆராயி கூண்டைவிட்டு நகரவில்லை. மகள் பொன்னாயி சேலம் ஆஸ்பத்திரியில் இரண்டு நாளாகப் பிரசவ வலியில் கிடந்தாள். சேதி வர இந்த ஒரு கம்பிதான் வழி.

கடைவீதி அன்றைக்கு அவளுக்காகக் குசுகுசுத்தது. மிளகு வியாபாரி குழலில் வெறும் மூச்சுக்காற்றாகவே பேசிவிட்டுப் போனார். வெயில் தாழும் நேரம் மணி அடித்தது. மருமகன் சின்னன்.

"மாப்ள, நாந்தானுங்க" என்று முணுமுணுத்தாள்.

"ஆருங்க? ஒண்ணும் கேக்கலீங்க. வச்சுரட்டுங்களா?"

அவள் கண் நிறைந்துவிட்டது. குழலை அப்படியே அதிகாரியிடம் நீட்டினாள். "சாமி, நான் பேசுனா போனு போயிரும். எம்புள்ள பொழச்சாளான்னு நீங்க கேளுங்க."

அதிகாரி மெதுவாகத்தான் ஆரம்பித்தார். "கேக்கலீங்க" என்றான் சின்னன். அடுத்த நிமிடம் அவர் எழுந்து நின்று, நரம்பு புடைக்க, "பொன்னாயி எப்படி இருக்கா? என்ன குழந்தை? பெண்ணா? ரெண்டு பேரும் சுகமா?" என்று கத்தினார். மேல் பங்களாவில் நாய் குரைத்தது.

வேர்வையைத் துடைத்துக்கொண்டு ஐயாக்கண்ணுவைப் பார்த்தார். "சத்தம் கேட்டுதே. யார் போட்டதுன்னு பேரோட எழுதிக் கையெழுத்துப் போடுங்க."

ஐயாக்கண்ணு பேனாவை மூடிப் பையில் செருகினார். "எனக்கு ஒண்ணும் கேக்கலைங்க."

"அப்ப ருசுவாயிடுச்சு. போன் இங்கேயே இருக்கும்."

அதுவரை வாயைப் பொத்தியிருந்த ஆராயி தெருவுக்கு வந்தாள். அங்கே நின்றபடியே, ஏரிக்கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு வெள்ளையம்மாளுக்குத் தனக்குப் பேத்தி பிறந்த சேதியைச் சொன்னாள், போன் இல்லாமலே.